மதுரை வளர்கிறது என்கிறார்களே, மேம்பாலம் தவிர வேறென்ன வந்தது?

வந்திருக்கிறது. 7.3 கி.மீ. மேம்பாலம் வந்த அதே புது நத்தம் சாலையில்தான் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தார்கள். என் கணக்கில் பாலத்தைவிட இதுதான் பெரிய காரியம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு தளத்தில் தலை நிமிராமல் இருக்க, கீழே குழந்தைகள் பகுதியில் ஒரே கும்மாளம்.

அலங்காநல்லூர் பக்கத்து கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டு அரங்கம் வந்தது. சரி, வருஷத்தில் மற்ற நாட்களுக்கு அங்கே என்ன வேலை?

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரையிலான மெட்ரோ திட்டம்தான் இழுபறி. 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. பதினான்கு வருஷத்துக்கு முந்தைய தலைக்கணக்கு! மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் போய் நின்றால் இன்றைய கணக்கு தெரியும்.