பூப்போட்ட படுக்கையறை: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மட்டும் பெரிய பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டலாம் என்றிருக்கிறோம். சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம். சதுர அடிக் கணக்குப் போட்ட கடைக்காரர், மூன்று ரோல் தாராளம் என்கிறார். நம்பலாமா?

பதில்: பூவே இல்லாத வெற்றுத் தாளுக்கு அவர் சொல்வது சரி. பூப்போட்ட தாளுக்கு லேபிளைப் பார்க்காமல் ரோல் கணக்குச் சொல்லவே முடியாது. வால்பேப்பரை நீளத் துண்டுகளாக வெட்டி ஒட்டுகிறோம். ஒரு துண்டின் ஓரத்தில் இருக்கும் பாதிப் பூ, அடுத்த துண்டின் பாதிப் பூவோடு சேர வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தாள் வீணாகும். எவ்வளவு வீணாகும் என்பதைச் சொல்வது லேபிளில் இருக்கும் ‘பேட்டர்ன் ரிப்பீட்’ எண். ஒரு பூ எத்தனை செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதே அந்த எண்.

உங்கள் சுவருக்கே போட்டுப் பார்ப்போம். பரவலாகக் கிடைக்கும் ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். சுவரின் அகலம் 366 செ.மீ. என்பதால் ஏழு துண்டுகள் வேண்டும். உயரம் 305 செ.மீ., மேலும் கீழும் வெட்டிச் சீராக்க 10 செ.மீ.; ஆக ஒரு துண்டு 315 செ.மீ. வெற்றுத் தாள் என்றால் ஒரு ரோலில் மூன்று துண்டு, மூன்று ரோலில் வேலை முடிந்தது. ரிப்பீட் 76 செ.மீ. என்றால் கதை வேறு. நான்கு ரிப்பீட் சேர்ந்தால் 304 செ.மீ.தான், அது பற்றாது. ஐந்தாக எடுத்தால் 380 செ.மீ. ஒரு ரோலில் இரண்டு துண்டுதான் தேறும், ஆகவே நான்கு ரோல். அதே சுவருக்கு ரிப்பீட் 64 செ.மீ. உள்ள தாளை எடுத்தால் துண்டுக்கு 320 செ.மீ., ஒரு ரோலில் மூன்று வந்துவிடும். பிடித்த இரண்டு டிசைன்களில் எது என்று தடுமாறினால் இந்த எண்ணே முடிவு சொல்லிவிடும்.

லேபிளில் இரண்டு அம்புக்குறிகள் நேருக்கு நேர் இருந்தால் பூ ஒரே மட்டத்தில் சேரும். ஒன்று சற்று மேலும் மற்றது கீழுமாக இருந்து, 64/32 என்பது போலப் போட்டிருந்தால் அது ‘ஹாஃப் டிராப்’. அடுத்தடுத்த துண்டு பாதி ரிப்பீட் தள்ளி வரும். இதை ஒரே ரோலிலிருந்து வரிசையாக வெட்டினால் மூன்றாவது துண்டுக்குத் தாள் போதாமல் போகும். 1, 3, 5 ஆம் துண்டுகளை ஒரு ரோலிலும், 2, 4, 6 ஐ இன்னொரு ரோலிலும், 7 ஐ மூன்றாவது ரோலிலும் வெட்டுங்கள். மூன்று ரோலே போதும்.

எண்ணிக்கை முடிவானதும் எல்லா ரோலிலும் பேட்ச் எண் (எந்தத் தடவை அச்சிட்ட தாள் என்பதைக் காட்டும் எண்) ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால் சுவரில் நிறம் மாறித் தெரியும். கடையில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்கே படாது. பின்னாளில் கிழிந்தால் ஒட்டுப்போட ஒரு ரோல் கூடுதலாக அப்போதே வாங்கிவிடுவது நல்லது. மூன்று துண்டு ஒட்டியதும் நிறுத்தி, அச்சுக் குறை உண்டா என்று பாருங்கள். அதற்கு மேல் ஒட்டிவிட்டுக் குறை சொன்னால் ஏற்பதில்லை என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் நிபந்தனை.

ஒட்டுபவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: மூலையிலிருந்து தொடங்க வேண்டாம். சுவரின் நடுவில் தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு, முதல் துண்டின் மையம் அந்தக் கோட்டில் வரும்படி ஒட்டச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் இரு ஓரத்துத் துண்டுகளும் ஏறக்குறைய 50 செ.மீ. வரும், கட்டிலுக்கு மேலே பூவும் நட்டநடுவில் நிற்கும். மூலையில் தொடங்கினால், மூலை கோணலாக இருக்கும்பட்சத்தில் கடைசித் துண்டு வரை பூக்கள் சாய்ந்துகொண்டே போகும்.

கேள்வி: அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் லேசாக உப்புப் பூத்திருக்கிறது. மேலே வால்பேப்பர் ஒட்டினால் மறைந்துவிடாதா?

பதில்: மறையும், சில மாதங்களுக்கு. பிறகு தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்து வாடை வரும். பிளாஸ்டிக் பூச்சுள்ள வினைல் தாளில் காற்று புகாது என்பதால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். முதலில் சோதியுங்கள்: ஓர் அடி சதுரப் பாலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. கசிவை அடைத்து, சுவர் காயும்வரை எந்தத் தாளும் வேண்டாம். வெளிப்புறம் மட்டும் ஈரமானால் அறைக் காற்றில்தான் ஈரம். காற்றோட்டத்தைச் சரிசெய்துவிட்டு, காற்று ஊடுருவும் ‘நான்-வோவன்’ தாளாக எடுக்கலாம்.

கேள்வி: வாடகை வீடு. உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் வால்பேப்பர் சுவரைக் கெடுக்குமா?

பதில்: பெயின்ட்டைப் பொறுத்தது. லேசான மினுமினுப்புள்ள சாட்டின் பெயின்ட்டில் நன்றாக ஒட்டும், சுத்தமாகவும் உரியும். சொரசொரப்பான சுவரிலும் சுண்ணாம்பு போல மாவு கொட்டும் மட்டமான பெயின்ட்டிலும் ஒட்டாது. ஒட்டினாலும் ஓரம் சுருண்டுவிடும். புதிதாக அடித்த பெயின்ட் என்றால் நான்கு வாரமாவது ஆறவிடுங்கள். இல்லையென்றால் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். அலமாரிக்குப் பின்னால் ஒரு துண்டை ஒட்டி ஒரு வாரம் கழித்து உரித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பசை விடாப்பிடியாக இருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, சுவரோடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெல்ல இழுங்கள்.

கேள்வி: சுவரில் பூ, திரையில் பூ, படுக்கை விரிப்பிலும் பூ என்றால் கண் உறுத்துமா? அறை சின்னது.

பதில்: மூன்றும் ஒரே அளவுப் பூவாக இருந்தால் உறுத்தும். ஒன்று பெரிது, உள்ளங்கையை விட அகலம்; ஒன்று அதில் பாதிக்கும் குறைவு; மூன்றாவது பூவே வேண்டாம், கோடு அல்லது கட்டம் போதும். மூன்றிலும் ஒரு நிறமாவது பொதுவாக ஓடட்டும். சின்ன அறைக்குச் சின்னப் பூ என்ற யோசனையை எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. சுண்டைக்காய் அளவுப் பூக்கள் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கலங்கி, அழுக்குப் படிந்த சுவர் போலத் தெரியும். ஒரே சுவரில் பெரிய பூ, மற்ற மூன்றும் வெறும் நிறம் என்று விட்டால் அறை குறுகித் தெரியாது.

தேர்வு செய்யும்போது உள்ளங்கை அளவு மாதிரியை நம்ப வேண்டாம். இரண்டடித் துண்டாகக் கேட்டு வாங்கி, சுவரில் குத்தி, வாசலில் நின்று பாருங்கள். இரவிலும் பாருங்கள். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலப் பூக்கள் மங்கிவிடும், வெள்ளைப் பின்னணி பாலேட்டு நிறமாகும். படுக்கையறையை அதிகம் பார்ப்பது அந்த வெளிச்சத்தில்தானே.

கேள்வி: பூப்போட்ட பருத்தி விரிப்புகள் நாலு சலவையில் வெளுத்துவிடுகின்றன. கடையில் வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ‘ரியாக்டிவ்’ சாயம் பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும். ‘பிக்மென்ட்’ அச்சு, ஒட்டுப்பொருளின் உதவியோடு துணியின் மேல் படிந்திருக்கும். விரலால் தடவுங்கள்: பூ இருக்கும் இடம் மட்டும் விறைப்பாக, பூ இல்லாத இடம் மெத்தென்று இருந்தால் அநேகமாகப் பிக்மென்ட். திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் பூ ஓரளவு தெரிந்தால் சாயம் உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அடர்சிவப்பு, கருநீலப் பகுதிகளைப் பத்து முறை தேயுங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம்.

பிக்மென்ட் அச்சு மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உராய்வுக்குத்தான் அது தாங்காது. வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். ஆகவே திரைச்சீலைக்கு அது பொருத்தம், உடம்பு புரளும் விரிப்புக்கு ரியாக்டிவ்.

‘திரெட் கவுன்ட்’, அதாவது ஒரு சதுர அங்குலத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கை, 200 முதல் 400 வரை இருந்தால் நல்ல விரிப்புதான். ஆயிரம் என்று போட்டிருந்தால், முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம். அளவில் கவனம் வையுங்கள்: 60 அங்குல மெத்தை, 8 அங்குலத் தடிமன் என்றால் மேலும் இருபுறமும் சேர்த்து 76 அங்குலம். 90 அங்குல விரிப்பு சலவையில் 5 சதவீதம் சுருங்கினால் 85 சொச்சம்தான். பக்கத்துக்கு 5 அங்குலம்கூடச் செருக வராது.

கேள்வி: படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் பிராணவாயு குறையும் என்கிறார்கள், காற்றைச் சுத்தமாக்கும் என்றும் விற்கிறார்கள்.

பதில்: இரண்டையும் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். ஓரிரு தொட்டிச் செடிகள் இரவில் எடுக்கும் பிராணவாயு, பக்கத்தில் தூங்கும் ஆள் எடுப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சுத்திகரிப்பு என்ற பேச்சுக்கு மூலம் 1989இல் வெளிவந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. சாதாரண வீட்டுக் காற்றோட்டம் செய்வதைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவை என்று பிற்காலக் கணக்கு ஒன்று சொல்கிறது. அழகுக்காக வையுங்கள். வெளிச்சம் குறைந்த அறைக்கு ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் தாங்கும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். மணி பிளான்ட் இலையைக் கடித்தால் வாய் எரியும், ஆகவே குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: தலைமாட்டுக்கு மேலே தாவரப் படங்களைச் சட்டம் போட்டு மாட்ட என்ன அளவு?

பதில்: படங்களின் மொத்த அகலம், தலைப்பலகையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே 6 முதல் 8 அங்குலம். பூப்போட்ட தாளின் மேல் மாட்டுவதானால் படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை விளிம்பு வையுங்கள், இல்லையேல் படம் சுவருக்குள் தொலைந்துவிடும். படுக்கைக்கு மேலே கண்ணாடி வேண்டாம்; அக்ரிலிக் போடச் சொல்லி, ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு கொக்கி அடியுங்கள். அக்ரிலிக்கை ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த துணி கீறிவிடும்.