ஒருநாள் சிவந்து, நின்றுபோன சிறுநீர்

தேவகோட்டை வாசகருக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம், சிறுநீரகப் புற்றுக்கு மைக்ரோ ஆர்என்ஏ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்ற கேள்வி. கடைசியில் இரண்டே வரி: போன மாதம் ஒரு காலை சிறுநீர் செம்பருத்தித் தண்ணீர் போலப் போனது, வலி இல்லை, நெருஞ்சில் கஷாயம் குடித்ததும் நின்றுவிட்டது. ஐயா, கடிதமே அந்த இரண்டு வரிதான்.

கஷாயத்தால் நிற்கவில்லை. கட்டியிலிருந்து வரும் ரத்தம் தானாக வரும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் காணாமல் போய்த் திரும்பவும் வரும். சிறுநீரகக் கல் என்றால் பெரும்பாலும் ஆளைப் புரட்டிப் போடும் வலி இருக்கும். 58 வயதில், இருபது வருடம் சிகரெட் பிடித்தவருக்கு வலியில்லாமல் ரத்தம் போனால், சிறுநீரகமா, சிறுநீர்ப்பையா என்று பார்த்தே ஆக வேண்டும். முந்தின நாள் கல்யாணப் பந்தியில் பீட்ரூட் சாப்பிட்டீர்களாம். இருக்கலாம். ஆனால் அன்று போனது பீட்ரூட்டா ரத்தமா என்று இன்றைய சிறுநீர் சொல்லாது. அதனால் யூரின் டெஸ்ட் சுத்தமாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே காரைக்குடியிலோ மதுரையிலோ ஒரு யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை நிபுணரை) பாருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன், சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டு ஒரு பார்வை, இவைதான் தேவைப்படும்.

அண்ணன் மகன் அனுப்பிய கட்டுரை பொய்யில்லை. மைக்ரோ ஆர்என்ஏ என்பது செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள துணுக்கு. எந்த மரபணு எவ்வளவு பேச வேண்டும் என்று அடக்கி வைக்கும். 1993-இல் ஒரு புழுவில் கண்டுபிடித்ததற்காக விஞ்ஞானிகள் ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. சிறுநீரகப் புற்றில் அதிகம் வரும் வகையில் விஎச்எல் மரபணு கெட்டுப்போவதால், ஆக்சிஜன் இருந்தும் இல்லை என்று செல் நினைத்துக்கொள்ளும். அப்போது 210 என்ற எண்ணுள்ள மைக்ரோ ஆர்என்ஏவின் அளவு ஏறும். சரி, ஆனால் வேறு காரணத்தால் ஆக்சிஜன் குறைந்தாலும் அது ஏறுமே! அந்த ரத்தப் பரிசோதனையை வைத்து எந்த டாக்டரும் கத்தி எடுக்க மாட்டார். பணத்தைச் சிடிக்கு வையுங்கள்.

நீங்கள் முன்பு எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் இருப்பதாக எழுதியிருக்கும் ‘சிம்பிள் சிஸ்ட்’ வயதானால் பலருக்கும் வரும் நீர்ப்பை, மறந்துவிடுங்கள். ஆனால் அந்த ஸ்கேன் ரத்தம் போவதற்கு முன்பு எடுத்தது. அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. குனிந்தால் கூடும் இடுப்பு வலி பெரும்பாலும் முதுகுக் கோளாறுதான். அண்ணனுக்கு 70 வயதில், ஒரு பக்கச் சிறுநீரகத்தில் மட்டும் புற்று வந்ததைப் பரம்பரை என்று சொல்ல வேண்டியதில்லை.

கஷாயத்தை நிறுத்துங்கள். கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் கிரியேட்டினின் தெரியும்வரை வேண்டாம். சுகர் மாத்திரை சாப்பிடுவதைச் சிடி எடுக்கும் இடத்தில் சொல்லுங்கள். மறுபடி சிவந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறைந்து கட்டிகட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.