பௌத்தர் ரமலான் நோன்பு இருக்கலாமா?

இருக்கலாம். நான் பௌத்தன். பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தோடு சில நாள் நோன்பு இருந்திருக்கிறேன்.

எங்களுக்கும் உபோசதம் என்ற நோன்பு நாள் உண்டு. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் எட்டுச் சீலம், அதாவது எட்டு ஒழுக்க விதிகளை ஏற்போம். நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை சாப்பாடு கிடையாது, தண்ணீர் குடிக்கலாம். ரமலானில் விடியலிலிருந்து சூரியன் மறையும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. 29 அல்லது 30 நாள். எனக்குப் பசியைவிட தாகம்தான் கடினமாக இருந்தது.

சரி, பட்டினியால் உடலை வதைப்பதைப் புத்தர் கைவிட்டாரே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இஸ்லாமும் வதைக்கச் சொல்லவில்லை. நோயாளியும் பயணியும் நோன்பை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனே (2:185) சொல்கிறது. பொய்யை விடாதவர் உணவை விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற நபிமொழியும் உண்டு. எட்டுச் சீலத்திலும் பொய் சொல்லாமை இருக்கிறது. எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது இந்த இடம்தான்.

ஒரு வேறுபாட்டை மழுப்பக்கூடாது. அவர்களுக்கு நோன்பு இறைவனுக்கான வணக்கம். படைத்த இறைவனை நான் நம்பவில்லை. அதனால் என் பசியை வணக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இதை பாயிடமே சொன்னேன். அவர் பேரீச்சம்பழத்தை நீட்டி, "முதல்ல நோன்பைத் திறங்க" என்றார்.