மறுமொழி: அம்மாவின் கால் எரிவும் பதகளிப்பும்

நீரிழிவால் அம்மாவுக்கு இரவில் கால் எரிவு, கூடவே பதகளிப்பு; இரண்டுக்கும் நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் குளூட்டமேற் என்ற இரசாயனம் வந்து ஒட்டும் இடமான ஏற்பியைத் தடுக்கும் மருந்து யாழ்ப்பாணத்தில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

குளூட்டமேற்றைப் பற்றி நீங்கள் வாசித்தது பிழையில்லை. நோவைக் கடத்துவதிலும் பயத்தைக் கிளப்புவதிலும் குளூட்டமேற்றுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் ஞாபகமும் அதில்தான் ஓடுகிறது. ஏற்பியை நேரே அடைத்தால் வேறு வில்லங்கம் வரும். கெற்றமின் என்ற மருந்து, குளூட்டமேற் ஏற்பிகளில் ஒரு வகையான என்எம்டிஏ ஏற்பியை அடைத்து நோவைக் குறைக்கும். பிரமையும் பிறஷர் ஏற்றமும் கூட வரலாம். அது ஆஸ்பத்திரியில் ஆள் பக்கத்தில் நின்று கொடுக்கிற மருந்து. மெமன்ரின் மறதிநோய்க்கானது, நரம்பு நோவில் பெரிதாகச் சோபிக்கவில்லை.

தலைசுற்றுகிறதென்று அம்மா நிறுத்திவிட்ட பிரிகபலின் இருக்கிறதே, அது ஏற்பியைத் தொடாது. நரம்பு முனையில் கல்சியம் உள்ளே வருவதை மட்டுப்படுத்தி, குளூட்டமேற் வெளியாவதையே குறைக்கிறது. ஐரோப்பாவில் பதகளிப்புக்கும் அனுமதி உண்டு. நீங்கள் தேடுகிற மருந்துக்கு இதுதான் கிட்ட நிற்பது!

தலைசுற்றுக்கு அளவு கூடியதும் காரணமாக இருக்கலாம். கிளினிக் கொப்பியோடு கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று பார்க்கும் இரத்தச் சோதனை) றிப்போட்டையும் டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள். மிச்சமிருக்கும் குளிசையை நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம்.