பொருள் என்ற சொல்

கேள்வி: உலகம் பொருள்களால் ஆனதன்று, நிகழ்வுகளால் ஆனது என்கிறது ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஒயிட்ஹெட்டின் நிகழ்முறைத் தத்துவம். பருவநிலை மாற்றத்தோடு போராடும் இன்றைய உலகுக்கு இதனால் என்ன பயன்?

பதில்: பயனைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது 'பொருள்' என்ற சொல். தமிழில் கையில் எடுக்கிற பண்டமும் பொருள், ஈட்டுகிற செல்வமும் பொருள், ஒரு சொல் உணர்த்துவதும் பொருள். பொருளாதாரத்தின் மீது எனக்குள்ள பழைய வழக்கை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் அறிவார்கள். முதற்பொருளை இரண்டாம் பொருளாக மாற்றுவதில் அது காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கையாவது மூன்றாவதற்குத் தரவேண்டும் என்பதே அந்த வழக்கு.

ஒயிட்ஹெட் என் பக்கம் நிற்பவர். கணிதத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, 1924இல் தம் 63ஆம் வயதில் ஹார்வர்டுக்குத் தத்துவம் கற்பிக்கப் போனவர் அவர். கணக்கிடும் வசதிக்காக உலகிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றை, அதுவே உலகம் என்று நம்பிவிடும் பிழையை மறுஆண்டே அவர் சுட்டிக்காட்டினார். பொருளியலாளர் ஹெர்மன் டேலியும் இறையியலாளர் ஜான் காப்பும் 1989இல் அதே பிழையை நாட்டு வருமானக் கணக்கில் கண்டார்கள். காட்டை வெட்டி விற்றால் விற்ற தொகை வருமானத்தில் ஏறுகிறது. காடு போனது அந்த வருமானத்திலிருந்து கழிக்கப்படுவதில்லை. ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானத்தைக் கொண்டு அறிய முடியாது என்று, அந்தக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934இல் எச்சரித்திருந்தார்.

மத்திய ஆசியாவின் ஏரல் கடலை எண்ணிப் பாருங்கள். 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த அந்த நீர்ப்பரப்பு, அரை நூற்றாண்டுக்குள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதை யாரும் இறைத்து வற்றடிக்கவில்லை. அதில் வந்து சேர்ந்துகொண்டிருந்த ஆமு, சிர் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். வரைபடத்தில் நீல நிறத்தில் கிடந்த ஒரு பொருளாக அதைப் பார்த்தவர்களுக்கு, அது நாள்தோறும் நீர் வருவதும் ஆவியாவதுமாக நடந்துகொண்டிருந்த ஒரு நிகழ்வு என்பது தெரியாமல் போயிற்று. வரவு வற்றியபோது கடலின் பெரும்பகுதியும் நிகழ்வதை நிறுத்தியது. மீனும் மீனவர் பிழைப்பும் பெரும்பாலும் அதோடு போயின.

எல்லாம் மாற்றமே என்றால் அழிவும் ஒரு மாற்றம்தானே, பிறகு ஏன் வருந்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இத்தத்துவத்தின் மீது வைக்கப்படும் தடைகளில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான். ஒயிட்ஹெட்டிடம் இதற்கு விடை இருக்கிறது: ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு, முடிந்துபோன நிகழ்வு இல்லாமல் போவதில்லை, அடுத்த நிகழ்வின் உள்ளே புகுந்து அதை உருவாக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. என்றோ அணைந்துபோன உலைகளின் புகை இன்றைய வெப்பத்தில் பங்கு கொள்கிறது. நாம் இன்று விடுவதன் ஒரு பகுதி, நம் பெயரே அறியாதவர்களின் காற்றிலும் இருக்கும். அவர்களை நமக்கு வெளியே நிற்கும் வேறு ஆட்களாக எண்ண இத்தத்துவம் இடம் தருவதில்லை.

இனி, நீங்கள் கேட்ட பயன். எத்தனை டன் உமிழ்வைக் குறைப்பது, செலவை எந்த நாடு ஏற்பது என்பவற்றை ஒயிட்ஹெட்டிடம் தேட வேண்டாம். ஒரு காட்டின் விலை என்ன என்று கேட்டுப் பழகியவரை, அந்தக் காட்டால் எவையெவை நிகழ்ந்துகொண்டிருக்கின்றன என்று கேட்க வைப்பதே அவர் செய்வது. படிக்க விரும்பினால் 1929இல் வந்த 'Process and Reality' என்ற பெருநூலில் தொடங்காதீர்கள், அது மிகக் கடினம்; அறிவியலும் நவீன உலகமும் பற்றிய 1925ஆம் ஆண்டுச் சொற்பொழிவு நூலை (Science and the Modern World) முதலில் எடுங்கள்.