வண்டியில் இழுப்பறை: பலகையை விடப் பிடிமானமே முக்கியம்

வண்டியின் பின்பகுதியில் கருவிகள் வைக்க 90 செ.மீ. நீளத்தில் இழுப்பறை செய்யவிருக்கும் வாசகர் ஒருவர், உள்ளே 40 கிலோ இருக்கும் என்றும், 12 மி.மீ. பிளைவுட் போதுமா, 18 மி.மீ. வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

12 மி.மீ. போதும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பெட்டி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது என்பதுதான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளிருக்கும் பொருள் தன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். பெட்டியும் கருவிகளும் சேர்ந்து 60 கிலோ என்றால், பின்னிருக்கையில் இருப்பவரின் முதுகை நோக்கி வருவது 1,200 கிலோ. "கனமான பெட்டி, நகராது" என்று சொல்லி, விரிப்பின் மேலேயே நான்கு ஸ்குரூவை முடுக்கி அனுப்புகிறவர்களை நம்பவே நம்பாதீர்கள். அப்படிப் பொருத்திய பெட்டி ஒன்றை நான் கழற்றியபோது, திருப்புளி படுவதற்கு முன்பே ஒரு ஸ்குரூ விரலோடு வந்தது. தகட்டில் இருந்த துளை நீண்டு தேய்ந்து, ஓரமெல்லாம் துருவேறியிருந்தது. நான் வண்டி கொண்டுபோன எந்த ஆய்விலும் இதை ஒருவர்கூடக் குனிந்து பார்த்ததில்லை. விளக்கு எரிந்தால் அனுப்பிவிடுகிறார்கள்.

விரிப்பை அந்த இடத்தில் வெட்டியெடுத்து, தரைத்தகட்டை ஊடுருவும் போல்ட்டுகளைப் போட்டு, அடியில் அகலமான இரும்புத்தகடும் லாக் நட்டும் வைத்து முடுக்குங்கள். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், ஒயர் எங்கே போகின்றன என்று பாருங்கள். துளையின் ஓரத்துக்குப் பெயின்ட் பூசுங்கள்.

துளையே தேவைப்படாத வண்டிகளும் உண்டு. சரக்கைக் கட்டுவதற்கென்று நிறுவனமே உடற்சட்டத்தோடு போல்ட் செய்து தந்த இரும்பு வளையங்கள் இருந்தால், அவற்றின் போல்ட் இறங்கும் மரையிலேயே பெட்டியைப் பிணைக்கலாம். ஆனால் வளையம் என்று கண்ணில் படுவதெல்லாம் அதுவல்ல. பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் செருகியிருக்கும் கொக்கி, பை தொங்கவிடத்தான். மூடியைக் கழற்றி, வளையத்தின் போல்ட் இரும்புக்குள் இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள்.

இழுப்பறை உள்ளே வெளியே ஓடுவதற்கு இருபுறமும் பொருத்தும் இரும்புத் தண்டவாளமான சேனலில் "100 கிலோ" என்று எழுதியிருப்பது பொதுவாக ஒரு ஜோடிக்கு, அதுவும் பக்கவாட்டில் நிமிர்த்திப் பொருத்தினால். படுக்கவைத்தால் தாங்குதிறன் வெகுவாகக் குறையும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், தயாரிப்பாளரின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மூடிய நிலையிலும் முழுக்கத் திறந்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும் சேனலாக இருக்கட்டும். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியில், பூட்டாத இழுப்பறை திறப்பவரின் வயிற்றில்தான் வந்து இடிக்கும்.

வேலை முடிந்ததும் 40 கிலோவையும் ஏற்றி, முழுக்க வெளியே இழுத்து, பெட்டியின் உட்புற முனை எழும்புகிறதா என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் இன்னொருமுறை முடுக்குங்கள்.