வாசகர் கேள்வி: நூலகரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் கிரியோல் பேசுகிறோம். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கிறாள். விருப்பப் பாடமாகத் தமிழும் எடுத்திருக்கிறாள். ஆனால் பாடநூலைத் தவிர வேறெதையும் தொட மறுக்கிறாள். நகராட்சி நூலகத்துக்கு அழைத்துச் சென்றால் நூலகர் ஏதேனும் செய்ய முடியுமா?
— ஒரு தாய், ரோஸ் ஹில், மொரீசியசு

பதில்: அவசியம் அழைத்துச் செல்லுங்கள் அம்மா. நம் தீவில் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் பேசாத மொழிகளிலேயே எழுதப் படிக்கத் தொடங்குகிறார்கள். அதனால் புத்தகம் என்றதும் அருஞ்சொற்பொருளும், வினாவிடையும், ஆறாம் வகுப்பு முடிவில் எழுத வேண்டிய தேர்வுமே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. மதிப்பெண் போடாத ஒருவர் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது அந்த அச்சம் மெல்லக் குறையும் என்பதால்தான் நூலகரை நான் பெரிதும் நம்புகிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தனுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் நல்ல நூலகர், எந்த வகுப்பு என்று கேட்பதற்கு முன்பே, கடல் ஆமை பிடிக்குமா, கால்பந்து பிடிக்குமா, பேய்க்கதை பிடிக்குமா என்று பேச்சுக் கொடுத்து, மூன்று நான்கு நூல்களை அட்டை தெரியும்படி மேசையில் வைத்துவிட்டு, தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளையிடமே விட்டுவிடுவார். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் புரியவில்லையென்றால் அதைவிட எளியதொன்றைக் காட்டுவார்.

இவற்றினும் பயன் மிகுந்தது உரக்க வாசித்துக் காட்டுவது. தாமாக வாசிக்க இயலாத கதையையும் பிள்ளைகள் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். தமிழை வகுப்பில் மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டும் சுமையின்றிக் கதையின் சுவை முதலில் கிட்டுகிறது. உங்கள் நூலகத்தில் கதை நேரம் உண்டா என்று விசாரியுங்கள். தமிழ்ச் சிறுவர் நூல்கள் குறைவாக இருந்தால் வாங்கித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். வாசகர் கேட்காத நூலுக்கு நிதி ஒதுக்குவது எந்த நூலகத்துக்கும் கடினம்.

நீங்கள் செய்ய வேண்டியது, மகளின் விருப்பங்களை நூலகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சற்று விலகி நிற்பது. வீடு திரும்பியதும் கதையின் கருத்து என்ன என்று கேட்காதீர்கள். பாதியில் மூடிவைத்தாலும், ஒரே நூலைத் திரும்பத் திரும்ப இரவல் எடுத்தாலும் கண்டிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் படக்கதைகளை மட்டுமே எடுத்து வருகிறான். தடுக்கலாமா?
— ஒரு தந்தை, காத்ர் போர்ன், மொரீசியசு

பதில்: தடுக்காதீர்கள் ஐயா. படக்கதையும் வாசிப்பே. அவன் விரும்பும் படக்கதையை நூலகரிடம் காட்டி, அதே பொருளில் எழுத்து சற்றுக் கூடிய நூல் ஒன்றை அதனுடன் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். இரண்டையும் எடுத்துச் செல்ல அனுமதியுங்கள்.